புழு ஊசி

மாடிப்படியில் ஏழு பூனைகள் உட்கார்ந்திருந்தன, படிக்கு ஒன்றாக.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த வஹ்தான், முதல் படியில் கால் வைத்த பிறகுதான் அதைக் கவனித்தார். பூனை ஒன்றும் புதிதில்லை. எகிப்தின் இந்த மன்சூரா நகரத்தில் எந்தக் கட்டடத்துப் படியிலும் நாலு பூனை கிடக்கும். மீன் தலைக்கு அடித்துக்கொள்ளும், ஆள் வந்தால் சிதறி ஓடும். இவை ஓடவில்லை. ஒன்றையொன்று பார்த்துச் சீறவும் இல்லை. ஏறுகிறவருக்கு வழிவிட்டு, சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஏழும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன, இரண்டாம் மாடியில் இருக்கும் அவர் வீட்டுக் கதவை.

வெளியே காலையிலிருந்தே கம்ஸீன் காற்று. பாலைவனத்து மண் தெருவெல்லாம் மிதந்தது. நடுப்பகலில் சூரியன் பழுத்த எலுமிச்சை போல எங்கோ தெரிந்தது, பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள், வாய்க்குள் நறநறப்பு. படிக்கட்டு சன்னலை யாரோ அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அதன் இடுக்கு வழியாக மண் சலசலவென்று விழும் சத்தம் கேட்டது. அதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

காவல்காரன் ஸிதீக், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு படிக்கட்டின் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன டாக்டரே, வெள்ளிக்கிழமையும் கிளினிக்கா? நோயாளிங்கல்லாம் டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க பாருங்க."

"வெரட்டுய்யா. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கு."

"வெரட்டினேன் டாக்டரே. தொடைப்பத்தால ரெண்டு போட்டேன். நகந்துச்சுங்க, மறுபடி அதே படியில வந்து உக்காந்துக்கிச்சுங்க. கத்தவும் இல்ல. பூனை கத்தாம இருந்தா எனக்கு ஆகாது."

"உனக்கு எதுதான் ஆகும்?" என்று சொல்லிவிட்டு வஹ்தான் ஏறினார்.

டாக்டர் என்று ஸிதீக் கூப்பிட்டான் என்பதற்காக நம்பிவிடக் கூடாது. வஹ்தான் டாக்டரும் இல்லை, மிருக வைத்தியரும் இல்லை. மீத் ரிஹான் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பதினாறு வருடம் ஊசி போட்டவர், அவ்வளவுதான். கால்வாயில் இறங்குகிற சனங்களின் ரத்தத்தில் பில்ஹார்ஸியாப் புழு குடியேறிவிடும். சிறுநீரில் ரத்தம் போகும். அந்தக் காலத்தில் அதற்கு நரம்பில் ஏற்றுகிற ஊசி, ஆளுக்குப் பன்னிரண்டு. பிறகு மாத்திரை வந்தது, ஊசிக்கு வேலை போயிற்று. அந்த மாத்திரையில் இருக்கும் மருந்தே பூனையின் நாடாப்புழுவையும் கொல்லும், அது சின்னக் குப்பியில் ஊசி மருந்தாகவே கிடைக்கிறது என்று ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கே அவர் மறுபடி டாக்டராகிவிட்டார்.

மாத்திரை கொடுத்தால் பூனை கசப்பு தாங்காமல் வாயில் நுரை தள்ளும், துப்பும், கையைக் கீறும். ஊசி என்றால் பிடரித் தோலைத் தூக்கி ஒரு குத்து, முடிந்தது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிற சனம் வேறு. பூனையின் வாலடியில் அரிசிமணி மாதிரி புழுத்துண்டு ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஓடி வந்தார்கள். அவர் காசு வாங்க மாட்டார். "டாக்டரே" என்று ஒரு வார்த்தை போதும், அதற்காக எத்தனை பூனைக்கு வேண்டுமானாலும் குத்துவார். எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. ஒரு பூனைக்கும் அடுத்த பூனைக்கும் நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை. பூனைக்குப் போய் ஆளுக்கொரு ஊசியா?

பூனைகளை ஒட்டி ஏறும்போது ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. காது கிழிந்த சாம்பல் நிறப் பூனை, ரொட்டிக் கடைக்காரனுடையது. ஒற்றைக் கண் கறுப்பி, எதிர்க் கட்டடம். தெருவில் திரிகிற செவலை. ஏழும் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவை. ஏழும் ஒட்டி உலர்ந்திருந்தன, விலா எலும்பை எண்ணலாம். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஈறுகள் வெளுத்து, சுண்ணாம்பு பூசினது போலக் கிடந்தன.

"போங்கடா சனியன்களா" என்று படியில் காலை உதைத்தார். ஒன்றும் அசையவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் மூச்சு சீரானது. தொழுகைக்குப் போகும்முன் சிறு தீயில் வைத்த முலூகியாக்கீரை அடுப்பில் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டும் கொத்தமல்லி விதையும் நெய்யில் வதக்கிக் கொட்டிய வாசம் அறை முழுக்க. மகள் உமைமா வெள்ளிதோறும் பகல் சாப்பாட்டுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தல்காவிலிருந்து வருவாள். மனைவி போன பிறகு அவருக்கு வாரத்தில் இருக்கிற ஒரே நாள் அதுதான். இன்றைக்கு இன்னும் விசேஷம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து உமைமாவுக்கு ஐந்தாம் மாதம்.

போன் அடித்தது.

"பாபா, பாலத்துல வண்டி நகரவே மாட்டேங்குது. மண்ணு கண்ணை மறைக்குது. முலூகியாவைத் தனியாத் தின்னு தீத்துடாதீங்க, இங்க ரெண்டு பேருக்குப் பசிக்குது."

"மெதுவா வாம்மா. படியைப் பாத்து ஏறு. படியில... பூனைங்க நெறைய கெடக்கு."

"பூனையைப் பாத்து நான் எப்ப பயந்தேன்? என் பூனை லூஸா மடியிலதான் இருக்கா. டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க பாபா, வயித்துல புள்ள இருக்கறப்ப பூனைக்குப் புழு இருக்கவே கூடாதாம். நான் சொன்னேன், எங்கப்பா ஒரு ஊரையே புழுகிட்டேருந்து காப்பாத்தினவரு, ஒரு பூனை எம்மாத்திரம்னு."

வஹ்தான் சிரித்தார். எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காத வார்த்தை. ஒரு ஊரையே காப்பாற்றினவர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார். அவளும் பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், இப்போது ஆஸ்பத்திரியில் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அந்த ஒரு பேச்சுதான் அவருக்கு மிச்சம். அவள் வாயிலிருந்து அது போய்விட்டால் பிறகு அவர் யார்?

போனை வைத்துவிட்டு மேசையைத் தயார் செய்தார். குப்பியும் ஸ்பிரிட் பஞ்சும் பழைய சிரிஞ்சும் ஏற்கெனவே அங்கே இருந்தன. இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். புது சிரிஞ்சு, புது ஊசி.

அப்போதுதான் கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

பூனை இருமல் இல்லை. நெஞ்சில் சளி கட்டிய ஆளின் இருமல். பின்னாலேயே துணி உரசும் சத்தம், செருப்பில்லாத கால்கள் சிமெண்டில் மெல்ல இடம் மாறும் சத்தம், வெகுநேரம் நிற்கிறவர்கள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவார்களே, அந்த மாதிரி. பூண்டு வாசத்தை அமுக்கிக்கொண்டு இன்னொரு வாசம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. சேறு, அழுகிய புல், எருமை குளித்த தண்ணீர். மன்சூராவில், இரண்டாம் மாடியில், கால்வாய் வாசம்.

"யாரு?"

தாழை நீக்கினார்.

பூனைகள்தான். ஆனால் ஏழு இல்லை. வரிசை அவர் வாசற்படியில் தொடங்கி, கீழே திருப்பம் வரை போய், அதற்கப்பாலும் போயிற்று. எத்தனை என்று தெரியவில்லை. ஒவ்வொரு பூனையும் இடது முன்காலைத் தூக்கி மேற்படியில் வைத்திருந்தது. நீட்டி, பாதத்தை மேலே திருப்பி. எந்தப் பூனையும் காலை அப்படி வைக்காது. அவர் எந்தப் பூனைக்கும் காலில் ஊசி போட்டதும் இல்லை.

அவருக்கு ரத்தம் கொதித்தது. பயத்தை அவர் எப்போதும் கோபமாகத்தான் செலவழிப்பார். "என்னடா விளையாட்டு இது! ஸிதீக்! ஏய் ஸிதீக்!" என்று கத்தி, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி முதல் பூனை மேல் வீசினார். அது விலாவில் பட்டது. பூனை இரண்டு படி உருண்டது, எழுந்தது, தன் இடத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி காலை நீட்டியது.

வரிசைக்கு நடுவே ஒருத்தி ஏறி வந்துகொண்டிருந்தாள். மூன்றாம் மாடி இன்ஸாஃப். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, மீத் ரிஹானில் பிறந்தவள். கையில் துண்டு சுற்றிய மூட்டை. இத்தனை பூனைகளை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராக நடந்து வந்தாள், அவை அவள் காலுக்கு ஒதுங்கின.

"கதவைச் சாத்தாதே, வஹ்தான்."

நேற்று வரை டாக்டரே என்றவள்.

உள்ளே வந்து மூட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். வெள்ளைப் பூனை. சுக்கர். செத்துப்போன அவள் அண்ணன் ஷிஹாதா வளர்த்தது. அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது இவளும் அதுவும்தான். கால்கள் விறைத்திருந்தன. ஈறு வெறும் காகிதம்.

"காலைல போயிட்டான். மிருக ஆஸ்பத்திரிலேருந்துதான் வரேன்."

"வயசான பூனைதானே இன்ஸாஃப். அல்லாஹ் எடுத்துக்கிட்டான்."

"அல்லாஹ் மேல போடாதே! எதைப் பண்ணினாலும் கடைசில அவன் தலைல கட்டிடறது. நான் நேத்து இவனை மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். ரத்தம் எடுத்துப் பாத்தாரு. தெருப்பூனைங்க ரத்தத்துல இருக்கற வியாதியாம். வாசலைத் தாண்டாத பூனைக்கு எப்படி வந்துச்சு, ஏதாவது கடிச்சுதான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப ஊசியான்னு கேட்டாரு. அப்பதான் எனக்கு உறைச்சுச்சு."

"அவனுங்க அப்படித்தான் சொல்லுவானுங்க. நான் சும்மா போடறேன்ல, அவனுங்களுக்கு எரிச்சல்."

"இன்னொண்ணும் சொன்னாரு. தெள்ளுப்பூச்சியை முழுங்கித்தான் பூனைக்கு இந்தப் புழு வருதாம். தெள்ளைக் கொல்லாம புழுவை மட்டும் கொன்னா திரும்பத் திரும்ப வருமாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெள்ளுக்கு மருந்து போடுங்கன்னு நீ எங்களுக்குச் சொன்னியா? மாசாமாசம் கொண்டாங்க கொண்டாங்கன்னு வரிசைல நிக்க வச்சே. குத்திக் குத்தி அனுப்பினே."

"நான் புழுவைக் கொன்னேன். அது பொய்யா?"

"கொன்னே. யாரு இல்லேன்னா? எங்க அண்ணனுக்கும்தான் புழுவைக் கொன்னே. ஒம்போது வயசுப் பையன், சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு உன் வரிசைல நின்னான். பன்னெண்டு நாளு நின்னான். புழு செத்துச்சு. முப்பது வருஷம் கழிச்சு ஈரல் அழுகி, கண்ணு மஞ்சளாகி, வயிறு பானையாட்டம் வீங்கி, ரத்த ரத்தமா வாந்தியெடுத்து அவன் செத்தான். எங்க தெருவுல மட்டும் எட்டு பேரு வஹ்தான். எட்டு பேரும் உன் வரிசை."

அவள் குரல் ஏறவே இல்லை. கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். வெளியே அந்த இருமல் மறுபடி கேட்டது. இன்ஸாஃப் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானா ஊசி வாங்கினேன்?" என்றார் வஹ்தான். இருபது வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில், வழுக்கிக்கொண்டு வந்தது. "மேலேருந்து ஒரு டப்பா குடுத்தாங்க. அதுல ஆறு ஊசி. வெளிய ஐநூறு பேரு. சாயங்காலத்துக்குள்ள முடின்னாங்க. அன்னிக்கு யாருக்குத் தெரியும் இதெல்லாம்? எனக்கு யாரு சொன்னாங்க?"

அவள் கண், செத்த பூனைக்குப் பக்கத்தில் கிடந்த பிரிக்காத பொட்டலத்தில் நின்றது. ஒற்றை விரலால் அதைத் தொட்டாள்.

"இது யாருக்கு?"

"அது... லூஸாவுக்கு. என் மக பூனைக்கு."

இன்ஸாஃப் விரலை அதிலிருந்து எடுத்து, பழைய சிரிஞ்சின் மேல் வைத்தாள்.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றாள்.

தெரியும். எப்போதுமே தெரியும். வரிசையில் நின்றவர்களில் ஒருவனுக்குக் கண் மஞ்சளானால் அடுத்த மாதம் நாலு பேருக்கு மஞ்சளாகும் என்பதை அவர் இரண்டாவது வருடமே கவனித்துவிட்டார். உமைமாவுக்கு ஆறு வயதில் சிறுநீரில் ரத்தம் போனபோது, அவர் தன் வரிசையில் அவளை நிறுத்தவில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறி, நகரத்துக்குப் போய், அப்போதுதான் வந்திருந்த புது மாத்திரையை யார் யார் காலிலோ விழுந்து வாங்கி, தேன் குழைத்து ஊட்டினார். மறுநாள் காலை நிலையத்துக்கு வந்து அதே டப்பாவைத் திறந்தார். வெளியே ஐநூறு பேர். அடப்பாவி, அந்த ஐநூறில் ஒருவனுக்காவது நீ வாயைத் திறந்தாயா?

"உன் மக வந்துட்டிருக்கா, இல்ல?" இன்ஸாஃப் கதவருகே போய்விட்டாள். "நான் கீழ வாசல்ல நிப்பேன். அவ வந்ததும் நீயே எறங்கி வந்து அவகிட்ட சொல்லு. ஊசியை மாத்தணும்னு எனக்குத் தெரியும், மாத்தலன்னு. ஒரே வரி. அவ உன்னை எப்படிப் பாக்கணுமோ பாத்துக்கட்டும். நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்."

"வயித்துப்புள்ளக்காரிம்மா அவ..."

"எங்கம்மாவும் வயித்துப்புள்ளயோடதான் உன் வரிசைல நின்னா."

பூனையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவள் காலடி படியில் இறங்கி இறங்கிக் கரைந்தது.

அடுப்பில் கீரை அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. வஹ்தான் எழுந்திருக்கவில்லை. சன்னல் கண்ணாடிக்கு வெளியே மஞ்சள், காவியாகக் கறுத்துக்கொண்டே வந்தது; எதிர்க் கட்டடம் தெரியவில்லை, தெரு தெரியவில்லை, ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. மண் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கால்கள் மாறின. துணி உரசியது. ஒருவர் இல்லை. பத்துப் பேரும் இல்லை, அதற்கும் மேல்.

போன்.

"பாபா, வந்துட்டேன். கீழதான் இருக்கேன். மூணாம் மாடி இன்ஸாஃப் அக்கா வாசல்ல நின்னு என்னையே பாக்கறாங்க, ஏதோ சொல்லணுமாம். என்ன பாபா, சண்டையா?"

"அவ பேச்சைக் கேக்காதே! அவளுக்குப் பூனை செத்து புத்தி பேதலிச்சுப் போச்சு. நீ நில்லு, நானே கீழ வரேன்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. இறங்கிப் போய் அந்தச் சமையல்காரியை நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிட வேண்டியதுதான். மகள் தோளைப் பிடித்து மேலே கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, சிரித்து, எல்லாம் சரியாகிவிடும். கதவைத் திறந்தார்.

பூனைகள் இல்லை.

ஆட்கள்.

வாசற்படியிலிருந்து கீழே வரை. சுவரோரமாக. ஒருவர் பின் ஒருவர். முழங்கால் வரை நனைந்த அங்கிகள். அங்கி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, படிப்படியாக. வயல் மண் அப்பிய வெறுங்கால்கள். நடுவே சின்னச் சின்னக் கால்களும். எல்லோரும் இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார்கள்.

முதல் கை நீண்டது.

கதவைச் சாத்த வேண்டும் என்று நினைத்தார். சாத்துவதற்குக் கை போதவில்லை. வலது கையில் சிரிஞ்சு இருந்தது. பழையது. இடது கையில் ஸ்பிரிட் பஞ்சு. மேசையிலிருந்து எப்போது எடுத்தார்?

"வழி விடுங்க. என் மக கீழ நிக்கறா."

கை நீண்டபடியே இருந்தது.

அவர் நிமிரவில்லை. முகத்தைப் பார்க்காதே என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டது. முகம் பார்த்தால் அது ஏதாவது கேட்கும். வலிக்குமா என்று கேட்கும், அவனுக்குப் போட்ட அதே ஊசியா என்று கேட்கும், நேரம் போய்விடும். முழங்கை மடிப்பு மட்டும் போதும். கட்டைவிரலால் ஓர் அழுத்து, நரம்பு எழும். குத்து. தள்ளு. உருவு. துடை. மணிக்கு இருநூறு கை போட்டவர் அவர். நிலையத்திலேயே அவர்தான் வேகம்.

முடித்தால் போய்விடுவார்கள். எப்போதும் முடித்தால் போய்விடுவார்கள்.

அழுத்தினார். குத்தினார். தள்ளினார். துடைத்தார்.

"அடுத்து."

அடுத்த கை. கறுத்த கை, மண்வெட்டிக் காய்ப்பு. அடுத்து. கிழவியின் கை. அடுத்து. சின்னக் கை, சட்டைக் கையைச் சுருட்டியும் நழுவி நழுவி விழுகிறது, ஒன்பது வயது இருக்கும். அடுத்து. சிரிஞ்சு காலியாகவே இல்லை. உள்ளே இருப்பது மருந்தின் நிறத்தில் இல்லை. அடுத்து. சொட்டு சொட்டாகப் படியில் தண்ணீர். அடுத்து.

பழைய வேகம் வந்துவிட்டது. வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

கீழேயிருந்து அவள் குரல். "பாபா? எவ்வளவு நேரம்? நானே ஏறி வரேன்!"

செருப்புச் சத்தம். ஒரு படி. மெதுவாக. இரண்டு படி.

நிறுத்த முடியும். வாய் இருக்கிறது. மேல வராதேம்மா, ஊசி மாத்தல என்று ஒரு கத்து கத்தினால் போதும், அவள் நின்றுவிடுவாள். ஒரே வரி. இன்ஸாஃப் கேட்டதும் அந்த ஒரே வரிதான். தொண்டை வரை வந்தது. சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். எத்தனை நாளாக என்று கேட்பாள். ஒரு ஊரையே என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டாள்.

வஹ்தான் வாயை இறுக்கிக்கொண்டார்.

அவள் வருவதற்குள் முடித்துவிடலாம். வேகமாக. இன்னும் வேகமாக. முகம் பார்க்காமல். அழுத்து. குத்து. துடை. அடுத்து. அழுத்து. குத்து. அடுத்து. அடுத்து.

அடுத்த கை மிருதுவாக இருந்தது. சூடாக இருந்தது. இதுவரை வந்தவை எல்லாம் ஈரமும் குளிர்ச்சியும். கட்டைவிரல் அழுத்தியதும் நரம்பு உடனே எழுந்தது. குத்தினார். பாதி தள்ளியாயிற்று. அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தார். கர்ப்ப வீக்கத்தில் இறுகிப்போன மெல்லிய தங்க வளையல். வளையலில் பூனை மயிர்.

"பாபா?"

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நிற்கவில்லை. மீதிப் பாதியையும் அழுத்தி முடித்தது. ஊசியை உருவியது. மற்றக் கை பஞ்சால் ஒரு துடை துடைத்தது. வாய் தானாகத் திறந்தது.

"அடுத்து."

அவளுக்குப் பின்னால் படி காலியாக இருந்தது. அவள் நகரவும் இல்லை. அவள் நின்ற இடத்திலிருந்தே, அவள் அங்கியின் வயிற்று மடிப்பை விலக்கிக்கொண்டு, அடுத்த இடது கை வெளியே வந்து அவர் முன்னால் நீண்டது. அது அவருடைய சுண்டுவிரல் அளவுதான் இருந்தது.